வெங்காயத்தாள் போடாத தட்டு

மீட்டர்காரருக்கும் அடுப்பங்கரைக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அடுப்பைப் பற்ற வைத்தது இரண்டே தடவைதான். முதல் தடவை மனைவிக்குக் காய்ச்சல் என்று வெந்நீர் வைக்கப் போய், வைத்ததையே மறந்து, பாத்திரத்தை அடியோடு கருக்கினார். இரண்டாம் தடவை முட்டை அவிக்கப் போனார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மற்ற விஷயங்களில் கெட்டிக்காரர். இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலை. அவருடைய வட்டத்தில் ஆயிரத்து நானூறு வீடுகள். எந்த வீட்டில் மீட்டர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டில் நாய்க்கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டுக்காரி மூடியின்மேல் பூந்தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு ‘எங்க வீட்ல மீட்டரே கிடையாதே’ என்று கையை விரிப்பாள், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குனிந்து இரண்டு விரலால் மூடியைத் தூக்குவார். தூசியை ஊதுவார். எண்ணைப் பார்த்து, ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கையில் ஒருமுறை எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் நோட்டில் குறிப்பார். ஆபீசில் கைமெஷின் கொடுத்த பிறகும் அந்த உள்ளங்கைப் பழக்கம் போகவில்லை.

அவர் மனைவி ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேன்ட்டுக்கு நீளம் குறைத்து, ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கிற வேலையில் இருந்தாள். கடையில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். தொழிலால் பாதி, நாக்கால் மீதி. ஒரே மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருதரம் போன் செய்து, ‘சாப்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவான்.

ஐம்பத்து நாலாவது வயதில் மீட்டர்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தானே என்று மூன்று நாள் மழையிலும் வேலைக்குப் போனார். நாலாம் நாள் ஒரு வீட்டு வாசலில் மூடியைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அந்த வீட்டுக்காரர்களே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார்.

ஊசியக்கா பார்வை நேரத்தில் போய் அவர் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் உட்காருவாள். கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். அது தரையிலிருந்து ஒரு முழம் தூக்கலாக இருந்ததால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளின் கால்கள் மட்டும் தெரியும். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. இடது ஷூவின் முனையில் யாரோ நீல மையைக் கொட்டியதுபோல் ஒரு கறை. ஒன்பது நாளும் அந்தக் கால்கள் வந்தன, உட்கார்ந்தன, போயின. முகத்தை ஊசியக்கா பார்க்கவில்லை. அங்கே யார் யாரைப் பார்த்தார்கள்? அவரவர் பாடு அவரவருக்கு.

பத்தாம் நாள் காலையில் அவள் போனபோது மீட்டர்காரர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு எலும்பும் தோலுமாக இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். காலையில் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஊசியக்கா மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவதாக முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தாள். இரண்டு வாரம் இப்படி ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் சொன்னார்: “சோறு கொஞ்சம் கூட வடிச்சு, ஆறவிட்டு ஃப்ரிட்ஜ்ல வை. நாளைக்கு வேணும்.”

“எதுக்கு?”

“வேணும்.”

கஞ்சிக்காக இருக்கும் என்று அவள் வைத்தாள்.

மறுநாள் மதியம் பஸ்ஸை விட்டு இறங்கிப் படியேறும்போது மணி இரண்டே முக்கால் இருக்கும். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. பலகையில் கத்தி விழுகிற சத்தம். மழை பிடித்துக்கொண்ட மாதிரி, இடைவெளியே இல்லாமல். நாத்தனார் வந்திருக்கிறாளோ என்று நினைத்தாள். ஆனால் நாத்தனார் கேரட் நறுக்கினால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே ஊர்க்கதை ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவாள். இது அவள் கை இல்லை.

கதவைத் திறந்தாள். அடுப்பங்கரையில் மீட்டர்காரர் நின்றுகொண்டிருந்தார், தோளில் ஒரு துணியோடு. நிற்கிற தோரணையே வேறாக இருந்தது. உடம்பை ஒரு காலில் தாங்கி, மற்றக் காலை லேசாகத் தளர்த்தி, நாள் முழுக்க நின்றே பழகியவர்கள் நிற்பார்களே, அப்படி. மேடையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் மெல்லிசாகச் சீவிய பன்றிக்கறி, சோயா சாஸும் சோளமாவும் பிசறி ஊறிக்கொண்டிருந்தது. ஒன்றில் பூண்டு, ஒன்றில் பொடிப்பொடியாகக் கேரட், ஒன்றில் அடித்த முட்டை. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஒரு கிண்ணத்தில், பச்சைப் பகுதி இன்னொன்றில்.

“என்னங்க இது?” என்றாள்.

அவர் திரும்பவில்லை. “கொஞ்சம் நகருங்கம்மா” என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளை ‘இந்தா’ என்று கூப்பிட்டிருக்கிறார், ‘ஏய்’ என்று கூப்பிட்டிருக்கிறார், கோபம் வந்தால் அவள் அப்பா பெயரைச் சொல்லி ‘அவரு பெத்தவளே’ என்று கூப்பிட்டிருக்கிறார். நகருங்கம்மா என்று ஒருநாளும் சொன்னதில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் சுவரோரமாக ஒதுங்கினாள்.

மீன் வறுக்க வைத்திருந்த பழைய இரும்பு வாணலி அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. எண்ணெயை ஊற்றி, சுற்றிச் சுழற்றி, அதை வடித்துவிட்டு மறுபடி புது எண்ணெய் விட்டார். கறியைப் போட்டார். சடசடவென்று வெடித்தது. கறி நிறம் மாறி ஓரம் முறுகியதும் அள்ளித் தட்டில் வைத்தார். முட்டையை ஊற்றி, பாதி வேகும்போதே அதையும் எடுத்தார். பிறகு பூண்டு, தாளின் வெள்ளைப் பகுதி, கேரட். நேற்றைய சோற்றைக் கையை நனைத்துக்கொண்டு உதிர்த்துப் போட்டார். தீயைக் குறைக்கவே இல்லை. கரண்டியின் முதுகால் சோற்றை அமுக்குவதும் புரட்டுவதுமாக இருந்தார். சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றினார். அது ஓரத்திலேயே பொங்கிக் கருகி, வீடு முழுக்க ஒரு வாசனை எழுந்தது. சீன ஹோட்டல் வாசலைக் கடக்கும்போது வருமே, அந்த வாசனை. வெள்ளை மிளகுத்தூள், எடுத்து வைத்த கறி, முட்டை எல்லாம் உள்ளே போயின.

வாணலியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர், “சூடு! பின்னாடி சூடு!” என்று கத்தினார்.

இரண்டு பேர் நின்றாலே முழங்கை இடிக்கிற அடுப்பங்கரை அது. அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் யாருக்கோ வழிவிடுகிற மாதிரி இடுப்பை வளைத்துத்தான் திரும்பினார். பிறகு கரண்டியால் வாணலி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினார். டங், டங், டங்.

மேஜையில் மூன்று தட்டு வைத்தார். இரண்டில் பச்சைத்தாளைத் தூவினார். மூன்றாவதில் தூவவில்லை. வாணலியின் அடியில் முறுகியிருந்த சோற்றைச் சுரண்டி அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்து, காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் நகர்த்தினார்.

“இது யாருக்கு?” ஊசியக்கா கேட்டாள்.

அவர் அந்தத் தட்டையே பார்த்தார். “தெரியல. தாள் போடாம ஒண்ணு எடுத்து வைக்கணும்ல?”

“யாருக்குங்க? நம்ம பையனுக்கா? அவன் வெங்காயத்தாளைத் தனியாவே தின்பானே.”

“வைக்கணும்” என்றார்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அத்தனை பயத்திலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒரு பருக்கையோடு ஒரு பருக்கை ஒட்டாமல், ஒவ்வொன்றிலும் உப்பும் புகையும் ஏறி, கறி வெண்ணெயாக வெந்து, அப்படி ஒரு சாப்பாட்டை அவள் கடையில் காசு கொடுத்தும் சாப்பிட்டதில்லை. தட்டை வழித்துத் தின்றாள். தின்று முடித்த பிறகு பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“எதை?”

“இதைத்தான்.”

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “சும்மா வந்துச்சு” என்றார். பிறகு வாணலியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, தீயில் காட்டி உலர்த்தி, எண்ணெய் தடவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். மூன்றாவது தட்டு சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட ஊசியக்காவுக்கு மனம் வரவில்லை, தின்னத் தைரியம் வரவில்லை.

அடுத்த புதன்கிழமையும் இதுவே நடந்தது. அதற்கடுத்த புதனும். மற்ற நாட்களில் அவர் பழைய மனிதர்தான். தேநீரில் சர்க்கரை குறைவு என்பார், செய்தித்தாளைப் பிரித்துப்போட்டு மடிக்காமல் போவார், அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். புதன்கிழமை காலையில் மட்டும் பேச்சு குறைந்துவிடும். தானாகவே கடைக்குப் போவார். மதியம் இரண்டுக்கு மேல் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள் நடப்பார். இரண்டரைக்குக் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்கும். மூன்று மணிக்கு மூன்று தட்டு.

அந்த ஒரு மணி நேரம் அவர் ஊசியக்காவிடம் மரியாதையாகப் பேசினார். ‘அந்தக் கிண்ணத்தை எடுங்கம்மா’, ‘கையைச் சுட்டுக்கப் போறீங்க.’ அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. வாணலியைத் தூக்கி எறிந்து திட்டியிருந்தால்கூட நம்ம ஆளுதான் என்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அரைநாள் மட்டும் என்று வேலைக்குத் திரும்பிப் போன முதல் வாரத்தில் இன்னொன்று நடந்தது. மஞ்சள் கேட் போட்ட வீட்டு வாசலில் அவர் கால்மணி நேரம் நின்றாராம். மீட்டர் எங்கே என்று தெரியவில்லையாம். அந்த வீட்டுக் கிழவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாராம். “அன்னிக்கு வெயில் ஜாஸ்தி” என்று மீட்டர்காரர் சிரித்தார். ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையதில் ஒன்று வெளியே போகிறதோ? ஆயிரத்து நானூறு வீடும் போனபிறகு எது போகும்? மகனா? தானா?

நாத்தனாரிடம் சொன்னாள். அவள் வந்து ஒரு புதன்கிழமை உட்கார்ந்து பார்த்தாள், இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்: “அண்ணி, ஊருல புருஷன் சமைக்கலன்னு அழுவாங்க. நீங்க சமைக்கிறாருன்னு அழறீங்க.” ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, “அண்ணன் அந்தக் காலி நாற்காலியைப் பாத்துத் தலையாட்டினாரு அண்ணி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூளையில் ஒன்றும் இல்லை என்றார். அந்த வார்த்தையை மீட்டர்காரரே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாள்பட்ட மயக்கத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படிப் புதுப் பழக்கங்கள் வருவதுண்டு, சமையல்தானே, நல்லதுதானே என்று அனுப்பிவிட்டார் டாக்டர்.

வெளியே வரும்போது ஊசியக்கா அந்தப் பிரிவின் நர்ஸைப் பார்த்தாள். ஒன்பது நாளும் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தவள். அவரை மருந்து வாங்கும் வரிசையில் நிறுத்திவிட்டு, நர்ஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நர்ஸ் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? திரைக்கு அந்தப் பக்கம். அவரு சமையல்காரரு. சீன ஹோட்டல்ல முப்பது வருஷமா இருந்தவராம். உங்க வீட்டுக்காரரு கண்ணு முழிச்ச அன்னிக்குத்தான் போய்ச் சேர்ந்தாரு, ஒரே பொண்ணு தினமும் வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு.”

ஊசியக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்படியென்றால் இதுதான் சங்கதி! அந்த மனிதர் படுத்தபடியே தன் சமையல் கதையெல்லாம் பேசியிருப்பார். மயக்கத்தில் கிடந்த இவர் காதில் அத்தனையும் விழுந்திருக்கும். தூங்குகிற பிள்ளை காதில் வாய்ப்பாடு சொன்னால் ஏறிவிடும் என்பார்களே, அதுமாதிரி.

“அவரு பொண்ணோட பேசணுமே” என்றாள். “அந்தத் தட்டு அதுக்காகத்தான் இருக்கும்.”

“நம்பர் குடுக்கக் கூடாதும்மா. உங்க நம்பரைக் குடுங்க, நான் அவங்ககிட்ட சொல்றேன். விருப்பம்னா கூப்பிடட்டும்” என்றாள் நர்ஸ். நம்பரைக் குறித்துக்கொண்டதும் உள்ளே மணியடித்தது. ஓடிவிட்டாள்.

ஆறு நாள் கழித்துப் போன் வந்தது. சின்னக் குரல். “புதன்கிழமையா? மூணு மணிக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். வருகிறேன் என்றாள்.

அந்தப் புதன்கிழமை மீட்டர்காரருக்கு விருந்தாளி வருவதைப் பற்றி ஊசியக்கா மூச்சு விடவில்லை. அவர் அவர்பாட்டுக்குக் கத்தியைத் தீட்டினார், நறுக்கினார், வறுத்தார். மணி மூன்றைத் தாண்டியும் வாசலில் யாரும் இல்லை. வரமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவர் கரண்டியால் வாணலியில் தட்டினார். டங், டங், டங்.

மாடிப்படியில் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம்.

ஊசியக்கா கதவைத் திறந்து ஓடினாள். கடைசிப் படிக்கு இரண்டு படி கீழே, முப்பது வயதுப் பெண் ஒருத்தி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை உருண்டு கீழ்த்தளத்தில் கிடந்தது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. இடது முனையில் நீலக் கறை.

“எங்கப்பா” என்றாள் அந்தப் பெண். “எங்கப்பா அப்படித்தான் தட்டுவாரு. ஹோட்டலுக்குப் புதன்கிழமை லீவு. ஸ்கூல் விட்டு மூணு மணிக்குப் படியேறுவேன். மூணு தட்டு கேட்டா கை கழுவிட்டு வரணும்னு அர்த்தம்.”

ஊசியக்கா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் கேட்காமலே அந்த நாற்காலிதான் வாய்த்தது. முன்னால் அந்தத் தட்டு. அந்தப் பெண் தட்டை வெகுநேரம் பார்த்தாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவளாம். எதையும் உற்றுப் பார்த்துப் பழகியவள். தட்டின் ஓரத்திலிருந்த முறுகல் சோற்றைக் கரண்டியால் தொட்டாள்.

“தாள் போடல” என்றாள்.

“உனக்குப் பிடிக்காதா?”

“சின்ன வயசுல ஒருதரம் தொண்டையில ஒட்டிக்கிச்சு ஆன்ட்டி. அதுலேருந்து தொடமாட்டேன்.” சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய், இரண்டு வாய். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “இதேதான். மிளகு ஒரு சிட்டிகை ஜாஸ்தி. முதலாளி திட்டுவாருன்னு ஹோட்டல்ல போடமாட்டாரு. வீட்லதான் போடுவாரு.”

மீட்டர்காரர் இவர்களுக்கு முதுகைக் காட்டி வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவள் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஊசியக்கா அவள் முதுகைத் தடவினாள். “அழாதம்மா. அப்பா ஆஸ்பத்திரியில இதையெல்லாம் பேசிக்கிட்டே இருந்திருப்பாரு. எங்க வீட்டுக்காரரு மயக்கத்துல கேட்டிருக்காரு. வேற ஒண்ணும் இல்ல.”

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்பா பேசலையே ஆன்ட்டி.”

“என்ன?”

“ஹோட்டல்ல அடுப்புக்கு முன்னாடியே விழுந்துட்டாரு. ஒரு பக்கம் மொத்தமா போயிடுச்சு. அங்க கொண்டு வரும்போதே தொண்டையில குழாய். கண்ணே திறக்கல. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை பேசல.” அவள் குரல் தணிந்தது. “நான் அங்கேயேதானே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்திருந்தாங்க. அவ்வளவுதான்.”

ஊசியக்காவுக்கு இறங்கிய கல் வந்த வழியே ஏறி மறுபடி நெஞ்சில் உட்கார்ந்தது.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் அந்தப் பெண். “கடைசி மூணு நாள் நல்லா இருந்த கை மட்டும் அசைஞ்சுது. ரெண்டு விரலால எதையோ தூக்குவாரு. அப்புறம் உதட்டைக் குவிச்சு ஊதுற மாதிரி, குழாய்க்கு நடுவுலயே. அப்புறம் இந்த விரலால, மரத்துப்போன கையோட உள்ளங்கையில ஏதோ எழுதுவாரு. நம்பர் மாதிரி இருக்கும். நாள் முழுக்க அதேதான். தூக்குறது, ஊதுறது, எழுதுறது. எங்கப்பா வாழ்நாள்ல அப்படி ஒண்ணு செஞ்சு நான் பாத்ததில்ல. நரம்பு துடிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு.”

மேஜையின்மேல் தன் இடது உள்ளங்கையில் அவள் எழுதிக் காட்டினாள். ஊசியக்கா அந்தக் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள். போதும் என்று சொல்ல நினைத்தாள். அந்த ஒன்பது நாளும் தன் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அது அசையவே இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. திரைக்கு அந்தப் பக்கத்தில், ஆயிரத்து நானூறு வீட்டு வாசலிலும் ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தண்ணீர்க் குழாய் நின்றது. மீட்டர்காரர் தோள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேஜையருகே நின்றார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஊசியக்காவுக்குத் தெரியாத ஒரு பார்வை.

“சாவி கிடைச்சுதா?” என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறுகிற சத்தம்.

“கிடைச்சுது” என்றாள். குரல் உடைந்தது. “கிடைச்சுதுப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கிடைச்சுது.”

“ம்” என்றார் அவர். “நல்லது.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் தலை மார்பில் சாய்ந்தது. குறட்டை வந்தது. ஊசியக்கா பதறிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். தூக்கம்தான். களைத்த மனிதனின் சாதாரணத் தூக்கம்.

அவர் தூங்கியபோது அந்தப் பெண் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்பு அவள் அம்மா சாகும்போது அப்பா ஹோட்டலில் ஒரு பெரிய விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தாராம். சொல்லியனுப்பியும் நேரத்துக்கு வரவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் வீட்டுச் சாவியை அவர் முன்னால் வீசிவிட்டு, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று இவள் தனியாகப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு தபால் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு சாவி, அவ்வளவுதான். பூட்டை மாற்றியிருந்தார் போலிருக்கிறது. அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். வந்து சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

“யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

மீட்டர்காரர் ஐந்து மணிக்குக் கண் விழித்தார். எதிரே புதுப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவசரமாகச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். “யாரு இது? சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்குத் தூங்கறேன்” என்று மனைவியிடம் கடுகடுத்தார். ஆஸ்பத்திரியில் பழக்கமான பெண் என்று ஊசியக்கா சொன்னாள். மேஜையில் ஆறிக்கிடந்த தட்டை இழுத்து ஒரு வாய் போட்டார்.

“நல்லா இருக்கே. எந்தக் கடையில வாங்கின?”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை ஊசியக்கா சோற்றை ஆறவைத்து, கறி வாங்கி, மேடையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். மணி மூன்றானது. அவர் செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். “என்ன, இன்னிக்குச் சாப்பாடு கிடையாதா?” என்று தாளுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. அவள் அடுப்பங்கரையில் நின்று கொஞ்சம் அழுதாள். நிம்மதியில் பாதி. மீதி எதற்கென்று அவளாலேயே சொல்லமுடியவில்லை. மரியாதையாகப் பேசிய அந்த மனிதரிடம் ஒருநாளாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு அவளே வாணலியை ஏற்றினாள். பார்த்ததை வைத்துச் செய்தாள். சோறு குழைந்தது, கறி ரப்பரானது. ஆனாலும் விடவில்லை. கண்ணாடிக்கடைப் பெண் மாதத்தில் இரண்டு புதன்கிழமை வந்தாள். அவள் ருசி பார்த்துச் சொல்ல, இவள் திருத்த, ஒரு வருஷத்தில் பாதிக்குப் பாதி தேறியது. மஞ்சள் கேட் வீட்டு மீட்டர் மீட்டர்காரருக்குத் திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. பணி ஓய்வுவரை ஒரு வீடும் தவறவில்லை. நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நாத்தனார் கிண்டலாக எடுத்தால், “நானா? அடுப்பா? போடி” என்பார்.

மூன்று வருஷம் கழித்து ஊசியக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை. அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நர்ஸ் போனதும், அவள் கையை நீட்டிப் பக்கத்துத் திரையை விலக்கினாள். அந்தப் பக்கம் அவள் வயதே இருக்கும் ஒரு அம்மாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் அவளுக்கும் ஆபரேஷனாம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளாம்.

“எனக்கு பஸ் ஓட்டுறதுன்னாலே பயம்” என்றாள் ஊசியக்கா. “அதனால முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். யார்கிட்டயாவது ஏதாவது கேக்கணும், சொல்லணும்னு பாக்கி இருந்தா, இப்பவே முடிச்சுடுங்க.”

அந்த அம்மாள் சிரித்தாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஜன்னலில் வெயில் கட்டில் விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கியது.

“அக்கா” என்று கூப்பிட்டாள் அந்த அம்மாள். “அந்த மேஜை மேல என் போன் இருக்கு. கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?”